வ.உ.சி. வாங்கித் தந்த ஞாயிற்றுக்கிழமை



இந்த மாதச் சுவரிதழில் தலைவர் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. நான் வ.உ.சிதம்பரனாரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கப்பல், செக்கு, சிறை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, மறுபடியும் அதையேவா எழுதப்போகிறாய் என்று என் பெஞ்சுக்காரி கேட்டாள். அதனால் கப்பலைச் சீக்கிரம் கடந்துவிடுவேன். அவர் வாழ்க்கையில் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. ஊர் ஒட்டப்பிடாரம். அப்பா உலகநாத பிள்ளை ஒரு வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். ஆசிரியர் தினம் கொண்டாடும் அதே நாளில் பிறந்ததால் நம்ம பள்ளிக்கூடத்தில் அவர் பிறந்தநாளை யாரும் தனியாக ஞாபகம் வைப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. (டீச்சர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அவரும் அப்பாவைப் போலவே வக்கீலுக்குப் படித்தார். ஏழைகள் வந்து நின்றால் காசு வாங்காமலும் வாதாடுவாராம். வீட்டில் ராமையா தேசிகர் என்ற கண் தெரியாத பெரியவரைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். வேறு சாதிக்காரரை எப்படி வீட்டுக்குள் வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். அவருடைய மனைவி வள்ளியம்மாள் அதைக் காதில் வாங்காமல் தன் கையாலேயே பரிமாறினார். அந்த அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோனார். பிறகு மீனாட்சி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். 1900-க்குப் பிறகு குடும்பம் தூத்துக்குடிக்கு வந்தது.

இப்போது கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் வெள்ளைக்காரர் கம்பெனிக் கப்பல்தான் ஓடியது. அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனது. அதோடு கையில் ஒரு குடையும் கொடுத்ததாம்! குடைக்கு ஆசைப்படாமல் காசு கொடுத்து நம்ம கப்பலில் ஏறியவர்களும் இருந்தார்கள். கப்பல் அவ்வளவுதான். இனி மில்லுக்குப் போவோம்.

தூத்துக்குடியில் கோரல் மில் என்று ஒரு நூற்பாலை இருந்தது. ஹார்வி என்ற வெள்ளைக்கார முதலாளிகளுடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். விடியும்போது உள்ளே போனால் பொழுது சாயும்போதுதான் வெளியே வரமுடியும். கூலி குறைவு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது கிடையாது. உடம்புக்கு முடியவில்லை என்றாலும் லீவு கிடையாது. வேலையில் தப்பு நடந்தால் பிரம்படி விழும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள்.

இதைப் படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியமே வரவில்லை. அம்மா பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர். விடியுமுன்னே வேன் வந்து ஹாரன் அடிக்குமாம். தூங்கிக்கொண்டே ஏறுவார்களாம். தீப்பெட்டித் தொழிலில் பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்துவிட்டது. அம்மா வேலைக்குப் போனது அதற்கு அப்புறம்தான். சட்டம் டெல்லியில் இருந்தது, வேன் எங்க தெருவில் இருந்தது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோரல் மில் கதையிலும் இதே சங்கதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் சட்டமே இல்லை, அதனால்தான் அப்படி நடத்தினார்கள் என்று நான் முதலில் நினைத்தேன். ஆனால் இருந்திருக்கிறது! 1881-ல் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 1891-ல் அதைத் திருத்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் வாரம் ஒரு நாள் விடுமுறை, மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு, பெண்களுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, 9 வயதுக்குக் கீழே பிள்ளைகளை வைக்கக்கூடாது, 9 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 7 மணி நேரம்தான் என்றெல்லாம் எழுதினார்கள். (ஆண்களுக்கு மணிக்கணக்கே கிடையாது. அது 1911-ல்தான் வந்தது, அதுவும் நூற்பாலைக்கு 12 மணி நேரம்!) அப்படியென்றால் 1908-ல் கோரல் மில்காரர்கள் கேட்ட வார விடுமுறை புதிதாகக் கேட்ட சலுகை இல்லை. பதினேழு வருஷமாக சர்க்கார் புத்தகத்தில் எழுதிக் கிடந்ததைத்தான் கேட்டார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. 1859-ல் போட்டது. முன்பணம் வாங்கிய வேலைக்காரர் சொன்ன வேலையை முடிக்காமல் விட்டுப்போனால் அவரை ஜெயிலில் போடலாம். அதாவது வேலைக்காரர் வாக்குத் தவறினால் ஜெயில். முதலாளி அதே மாதிரி தவறினால் அவரை ஜெயிலில் போட அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இந்தச் சட்டத்தை 1925-ல்தான் நீக்க முடிவு செய்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இப்படிப்பட்ட காலத்தில் வேலையை நிறுத்துவது என்பது சாதாரண காரியமா? சங்கம் என்ற ஒன்றே அப்போது அங்கே இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்ததே 1918 ஏப்ரலில்தான். சங்கத்தைப் பதிவு செய்கிற சட்டம் 1926-ல் வந்தது. கோரல் மில் ஆட்களுக்கு ஒரு நாள் கூலி போனால் அன்று ராத்திரி அடுப்பு எரியாது.

வ.உ.சி.யும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் 1908 பிப்ரவரி மாதம் தூத்துக்குடியில் கூட்டம் போட்டு மில் ஆட்களிடம் பேசினார்கள். பிப்ரவரி 27 அன்று ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. கூலியைக் கூட்டு, வார விடுமுறை கொடு, மற்ற லீவுகளும் கொடு. கேட்டது இவ்வளவுதான்.

வ.உ.சி. அப்போது ஒரு கம்பெனியை நடத்துகிறவர். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சம்பளம் கொடுக்கிற பக்கம் இருக்கிற ஒருவர் சம்பளம் வாங்குகிறவர்கள் பக்கம் வந்து நின்றது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. கப்பல் வாங்கியதை விட இது பெரிசு என்று நான் சொன்னால் என் பெஞ்சுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

வேலைநிறுத்தம் என்றால் சும்மா வீட்டில் உட்கார்வது இல்லை. ஆயிரம் குடும்பம் சாப்பிட வேண்டும். வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார். கடைக்காரர்களும் வக்கீல்களும் கொடுத்தார்கள். போலீசை வெளியூர்களிலிருந்து கூடுதலாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டத்துக்குத் தடை என்றார்கள். ஆனாலும் மில் ஆட்கள் கலவரம் எதுவும் செய்யவில்லை. அமைதியாகவே இருந்தார்கள்.

ஊரே எப்படி அவர்கள் பக்கம் இருந்தது என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு வக்கீல் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தாராம். பாதி முகம் முடிந்திருந்தது. நீங்கள் வ.உ.சி.க்கு எதிர்ப்பக்கமாமே என்று சவரத் தொழிலாளி கேட்டிருக்கிறார். அதைப்பற்றி உனக்கென்ன என்று இவர் சொல்லவும், அப்படியானால் மீதி முகத்தைப்பற்றி எனக்கென்ன என்கிற மாதிரி கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம்! எங்கள் வகுப்பில் இதை நாடகமாகப் போடலாம் என்று இருக்கிறோம். பாதித் தாடியோடு நடிக்க ஒரு பையன் மட்டும் கிடைக்கவில்லை.

ஒன்பதாவது நாள், மார்ச் 6. மில்லின் தலைமை எழுத்தர் சுப்பிரமணிய பிள்ளை வந்து வ.உ.சி.யைப் பார்த்தார். முதலாளிகள் இறங்கிவருவதாகச் சொன்னார். வ.உ.சி. உடனே கிளம்பினார். ஆனால் தனியாகப் போகவில்லை. மில் ஆட்கள் 50 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். மானேஜர் கூலியைக் கூட்ட ஒத்துக்கொண்டார். வேலை நேரத்தைக் குறைக்க ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் ஒத்துக்கொண்டார். ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். இதைப் பார்த்து ஊரில் இருந்த மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் கூலியைக் கூட்டினார்கள். ஆட்களை முன்னைவிட மரியாதையாக நடத்தவும் ஆரம்பித்தார்கள். கல்கத்தாவில் அரவிந்தருடைய வந்தே மாதரம் பத்திரிகை இதைப் புகழ்ந்து எழுதியது. தூத்துக்குடி எங்கே, கல்கத்தா எங்கே!

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய வருஷத்துக் கிழமை கண்டுபிடித்துப் பார்த்தேன். 1908 மார்ச் 6 வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் மில் ஒத்துக்கொண்ட பிறகு வந்த முதல் ஞாயிறு மார்ச் 8. அன்று காலையில் அந்த வீடுகளில் என்ன செய்திருப்பார்கள்? பிள்ளைகள் வெயில் ஏறும் வரை தூங்கியிருப்பார்களா? தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார்களா? நம்மில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வானத்திலிருந்து தானாக வருகிற மாதிரி. அது ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் கொடுத்து வந்தது என்று எனக்கு இதைப் படிக்கும்வரை தோன்றவில்லை.

எங்க அக்காவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள். காலையில் ஒன்பது மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் பஸ் ஏறுவாள். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் வார லீவும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. அக்கா கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் சேலைப் பெட்டி அடுக்கி இருக்கும். ஆபீசர் பார்க்க வருகிற அன்று மட்டும் பெட்டியை இறக்கி வைப்பார்களாம். யாராவது உட்கார்ந்துவிட்டால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பாராம். அந்தப் பார்வை போதுமாம்.

ஒரு நாள் ராத்திரி அக்காவுக்குக் கோரல் மில் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். எங்க கடைக்கு எந்த வ.உ.சி. வருவார் என்று கேட்டாள். வாயை மூடிக்கிட்டு இரு, இருக்கிற வேலையும் போயிடும் என்று அம்மா அடுப்படியில் இருந்தே அதட்டினார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வீட்டுக் கடனுக்கு அக்கா சம்பளம்தான் போகிறது. நான் படுத்துக்கொண்டு யோசித்தது வேறு. வ.உ.சி. மட்டும் தனியாக மானேஜர் அறைக்குள் போயிருந்தால் அவரிடம் நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசி அனுப்பியிருப்பார்கள். மறுநாள் மில்லுக்குள் போக வேண்டியவர்கள் அந்த 50 பேர்தான். அவர்கள் முன்னால் வைத்துச் சொன்ன வாக்கை மாற்றிப் பேசுவது கஷ்டம். அதனால்தான் அவர் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அக்கா கடையில் 14 பேர் நிற்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். மார்ச் 8-க்குப் பிறகு நான்கு நாள்தான். தடையை மீறிக் கூட்டம் போட்டதற்கும் பேசியதற்கும் மார்ச் 12-ல் வ.உ.சி.யையும் சிவாவையும் பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. கடைகளை அடைத்தார்கள். நகராட்சி ஆபீசும் தபால் ஆபீசும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்துபோனார்கள். கோரல் மில் ஆட்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, லீவுக்காக இல்லை. தங்களுக்காகப் பேசியவரைப் பிடித்துப் போனதற்காக. கையில் வாங்கின கூலி உயர்வை ஒரு வாரம்கூட முழுசாக அனுபவிக்காமல் அதைப் பணயம் வைத்தார்கள். இந்தியாவில் தொழிலாளர்கள் நடத்திய முதல் அரசியல் வேலைநிறுத்தம் இதுதான் என்று சொல்கிறார்கள்.

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம், ஆக 40 வருஷம். சிவாவுக்கு 10 வருஷம். வ.உ.சி.க்கு அப்போது வயது 35. இதைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துப்போனது. மேல்முறையீட்டில் தண்டனையை 6 வருஷமாகக் குறைத்தார்கள். கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இவரை இழுக்கவைத்தார்கள். கல் உடைக்கவைத்தார்கள். பிறகு கண்ணூர் சிறைக்கு மாற்றினார்கள். மில் ஆட்களுக்கு வேலை நேரம் குறைத்து வாங்கித் தந்தவருக்கு அங்கே நேரமும் இல்லை, கூலியும் இல்லை. அவர் இழுத்த செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. டூர் போனால் எனக்கு அதைப் பார்க்கவேண்டும், மிருகக்காட்சி சாலை அப்புறம்தான்.

1912 டிசம்பர் 24-ல் விடுதலை ஆனார். வாசலில் கூட்டம் இல்லை. தொழுநோய் வந்து அடையாளம் தெரியாமல் மாறிப்போன சிவா காத்துக்கொண்டு நின்றார். சுதேசிக் கம்பெனியை 1911-லேயே மூடிவிட்டார்கள். கப்பலும் கைமாறிப் போய்விட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்குப் போய்ச் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்திலும் சென்னையில் திரு.வி.க.வோடு சேர்ந்து தொழிலாளர்கள் மத்தியில் வேலை செய்தார். தபால்காரர்கள் சங்கத்திலும் டிராம் வண்டித் தொழிலாளர்கள் நடுவிலும் இருந்தார். நாற்பது வருஷத் தண்டனை வாங்கிக் கொடுத்த அதே வேலைக்குத் திரும்பவும் போயிருக்கிறார் பாருங்கள்.

பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அவருக்குச் சன்னதைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்தவர் வெள்ளைக்காரர் பெயரை வைக்கலாமா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. வைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். அவர் எதிர்த்தது அநியாயத்தை, ஆளை இல்லை. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் வேலை பார்த்தார். நடுவில் நிறைய எழுதினார். ஜேம்ஸ் ஆலன் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தன் வரலாற்றையே பாட்டாக எழுதிவைத்தார்.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில், அவர் ஆசைப்பட்டபடி காங்கிரஸ் ஆபீசுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தபோது உயிர் பிரிந்தது. வாரம் 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் கூடாது என்று 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

சாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் உயில் சொல்லி எழுதவைத்தார். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைத் தொடங்கியவரின் உயில். அதில் எண்ணெய்க்கடைக்கு எவ்வளவு பாக்கி, ஜவுளிக்கடைக்கு எவ்வளவு பாக்கி, பலசரக்குக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லி, அதையெல்லாம் கொடுத்துத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி